60 மீட்டர் கேபிள்: நடுவில் ஆம்ப்ளிஃபயரா, நல்ல கேபிளா?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டில் இது புதிதில்லை. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் ஜிபிஎஸ் ஆன்டெனா முகப்பு மாடியில், ரிசீவர் மூன்றாம் கட்டில். கேபிள் போகும் வழியை டேப் பிடித்து அளந்தால் 60 மீட்டர் வந்தது. அந்த 60 மீட்டரைக் கடக்க மூன்று மாதம் அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு உதவும்.

நான் செய்வது நில அளவை. காரைக்குடியைச் சுற்றி மனைப் பிரிவு, கண்மாய்க் கரை, தோப்பு எல்லை என்று அளக்கப் போகும்போதெல்லாம் முக்காலி போட்டு பேஸ் (ஒரே இடத்தில் நின்று திருத்தம் கொடுக்கும் ஜிபிஎஸ் ரிசீவர்) வைக்க வேண்டும். அதை ஆடு மாடு இடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வெயிலில் உட்கார வைக்க வேண்டும். நிலையான பேஸ் ஒன்று இருந்துவிட்டால் அங்கிருந்து திருத்தத் தகவல் இணையத்தில் வந்துகொண்டிருக்கும், கையில் ரோவர் (அளக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் ரிசீவர்) மட்டும் எடுத்துப் போனால் போதும். பேஸின் திருத்தத்தை உடனுக்குடன் வாங்கி அளக்கும் இந்த ஆர்டிகே முறையில் பிழை சுமார் 1 சென்டிமீட்டர், அதோடு பேஸிலிருந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 மில்லிமீட்டர். 10 கிலோமீட்டர் தள்ளினால் இன்னொரு சென்டிமீட்டர் கூடும். அதனால் வேலை நடக்கும் ஊர்களுக்கு நடுவில் பேஸ் இருப்பது லாபம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி எல்லாம் எனக்குப் பக்கம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி மனமுவந்து இடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. "தம்பி, மாடியில என்ன வேணாலும் வச்சுக்கங்க. சுவத்துல மட்டும் ஆணி, ஓட்டைன்னு கை வச்சிராதீங்க. முட்டை வெள்ளைக்கரு ஊத்தித் தேச்ச சுவரு. பங்காளிக அத்தனை பேருக்கும் நான்தானே பதில் சொல்லணும்" என்றார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புப் பூச்சு இத்தனை வருடம் கழித்தும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கிறது. அதில் ட்ரில்லிங் மெஷினை வைக்க எனக்கும் மனசு வராது.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வந்து சேரும் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடிக் கோடியாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்து விற்கிறார்கள். மலிவான ஆன்டெனாவில் அது 28 டெசிபெல் பெருக்கும், சர்வே ஆன்டெனாவில் பெரும்பாலும் 40 டெசிபெல். கேபிள் போகப் போக அந்தப் பெருக்கத்தைத் தின்றுகொண்டே வரும். மிச்சம் 17 டெசிபெலாவது ரிசீவர் வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்று நான் வைத்திருக்கும் ரிசீவரின் கையேடு கேட்கிறது. மற்ற பல ரிசீவர்களும் ஏறத்தாழ அவ்வளவுதான் கேட்கும்.

கேபிள் எவ்வளவு தின்னும்? 1575 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையில், ஆன்டெனாவோடு ஒட்டி வரும் மெல்லிய ஆர்ஜி-174 ஒரு மீட்டருக்கு 1 டெசிபெலுக்கு மேல் இழக்கும். ஐந்து மீட்டருக்கு அது பரவாயில்லை, 60 மீட்டருக்கு அதை நினைக்கவே வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 மீட்டருக்கு 0.8 அளவில் இழக்கும், 60 மீட்டருக்கு 48. டிஷ் டிவிக்கு இழுக்கிற ஆர்ஜி-6 அதே தூரத்துக்கு 16. விரல் தடிமன் இருக்கும் எல்எம்ஆர்-400 வெறும் 10. டெசிபெல் கணக்கு பழகாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: 10 டெசிபெல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது, 16 என்றால் நாற்பதில் ஒரு பங்கு, 48 என்றால் அறுபத்து மூவாயிரத்தில் ஒரு பங்கு. கேபிளைத் தேர்ந்தெடுத்த அந்த நிமிடத்திலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது.

இது தெரியாமல் நான் ஆர்ஜி-58 வாங்கிவிட்டேன். 28 டெசிபெல் ஆன்டெனா, 60 மீட்டர் ஆர்ஜி-58, நேராக ரிசீவர். மாடியில் ஐந்து மீட்டர் ஒயரில் பார்த்தபோது சிக்னல் தரம் (இரைச்சலோடு ஒப்பிட்ட வலு, டெசிபெல் கணக்கில்) 45 காட்டிய செயற்கைக்கோள்கள், மூன்றாம் கட்டில் 25-ஐத் தாண்டவில்லை. 45 என்பது நல்ல ஆரோக்கியம். 25-ல் ரிசீவர் ஏதோ பிடித்துத் தொங்கும், ஆர்டிகே வேலைக்கு உதவாது.

நடுவில் ஆம்ப்ளிஃபயர்

சரி, சிக்னல் குறைந்துவிட்டது, பெருக்கினால் போகிறது என்று லைனில் செருகும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளை உருளை, இரண்டு முனையிலும் கனெக்டர், 20 டெசிபெல் பெருக்கம். தனியாக மின்சாரம் வேண்டாம். ரிசீவர் ஆன்டெனாவுக்காகக் கேபிள் வழியே அனுப்பும் 3.3 அல்லது 5 வோல்ட்டிலேயே தானும் ஓடி, மிச்சத்தை ஆன்டெனாவுக்கு அனுப்பிவிடும். வசதியான பொருள்தான். மாடி ஏறச் சோம்பல்பட்டு, மூன்றாம் கட்டில் ரிசீவருக்குப் பக்கத்திலேயே செருகினேன். 25 இருந்தது 26 ஆனது. அவ்வளவுதான்.

ஏன் என்று புரிந்துகொள்ள அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். முகப்புத் திண்ணையில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுகிறார், அது மூன்றாம் கட்டில் கேட்க வேண்டும். கேட்டுச் சொல்ல ஒரு ஆளை மூன்றாம் கட்டிலேயே நிறுத்தினால், அவர் காதில் விழுவது பாத்திரச் சத்தமும் அரையும் குறையுமாய் நாலு வார்த்தையும்தான். அதை அவர் எவ்வளவு உரக்கத் திருப்பிச் சொன்னாலும் பாத்திரச் சத்தமும் சேர்ந்தே உரக்கும். அதே ஆளை வளவில் நிறுத்துங்கள். அவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, அங்கிருந்து சத்தமாகச் சொல்கிறார், பின்கட்டுவரை போய்ச் சேர்கிறது. கேபிளுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கேபிளும் ஆம்ப்ளிஃபயரும் தங்கள் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கின்றன. சிக்னல் அந்த இரைச்சல் மட்டத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன்னால் பெருக்கினால் பயன் உண்டு, இறங்கிய பிறகு பெருக்குவது வீண்.

மறுநாள் மாடி ஏறி அதே ஆம்ப்ளிஃபயரை ஆன்டெனாவுக்கு அடுத்து மாட்டினேன். 26 இருந்த இடத்தில் 40, 41. கருவி அதே, கேபிளும் அதே, இடம் மட்டும்தான் மாறியது. இந்த ஒரு காட்சியை என் கண்ணால் பார்த்திராவிட்டால் இடம் இவ்வளவு முக்கியம் என்று நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆன்டெனாவின் காலடியிலேயே வைத்தாக வேண்டும் என்று இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 டெசிபெல் ஆன்டெனாவுக்கு அப்புறம் 30 மீட்டர் ஆர்ஜி-58 போனால் 24 தின்றிருக்கும், இன்னும் 4 கையில் இருக்கிறது. அங்கே, பாதி வழியில் ஆம்ப்ளிஃபயரை வைத்தால், மாடியில் வைப்பதைவிட 1 டெசிபெல்தான் குறைவு. அந்தப் பாதி வழி எங்கள் வீட்டில் வளவின் தாழ்வாரத்தில் வருகிறது. மழை படாது, வெயில் படாது, ஏணி இல்லாமல் கை எட்டும். ஒரு டெசிபெலைக் கொடுத்து இத்தனை நிம்மதி வாங்கலாம். ஆன்டெனா கொடுத்த பெருக்கம் முழுவதும் கரைவதற்குள் எங்கே வசதியோ அங்கே வைக்கலாம், அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

ஆனால் இரண்டாவது வாரம்தான் பெரிய கோளாறு தெரிந்தது. எல்1 நன்றாக வருகிறது, ஜிபிஎஸ்ஸின் இன்னொரு அலைவரிசையான எல்2-ல் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. அதுவரை கேபிள்தான் தின்கிறது என்று நினைத்திருந்தேன். பித்தளை உருளையைத் திருப்பி, தேய்ந்துபோயிருந்த எழுத்தை செல்போன் வெளிச்சத்தில் படித்தால் 1575 என்று மட்டும் இருந்தது. உள்ளே இருக்கும் வடிகட்டி எல்1-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்துகிறது. எல்2 இருப்பது 1227.60 மெகாஹெர்ட்ஸில், எல்5 இருப்பது 1176.45-ல். நம் நாவிக் செயற்கைக்கோள்களின் எல்5-ம் அதே 1176.45-ல்தான். ஆர்டிகே ரிசீவருக்கு இரண்டு அலைவரிசையாவது வேண்டும். விற்றவரிடம் கேட்டபோது, "ஜிபிஎஸ்ஸுக்குன்னு கேட்டீங்க, கொடுத்தோம்" என்றார். நேரம் காட்டும் கருவிக்கோ வண்டி கண்காணிப்புக்கோ எல்1 மட்டும் போதும் என்பதால் அப்படித்தான் நிறைய விற்கிறார்கள். வாங்குமுன் எந்த அலைவரிசைகளை விடும் என்று எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. ஆன்டெனா மின்சாரம் இழுக்கிறதா என்று பார்த்துத்தான் பல ரிசீவர்கள் 'ஆன்டெனா சரி' என்று காட்டுகின்றன. நடுவில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அது எப்போதும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். மேலே ஆன்டெனா கழன்று விழுந்தாலும் ரிசீவர் 'சரி' என்றே காட்டலாம். ஆள் இல்லாத வீட்டில் வைக்கிற கருவிக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் டிஷ் கடையில் கிடைக்கும் லைன் ஆம்ப்ளிஃபயர். 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அதில் எழுதியிருக்கும், நம் அலைவரிசைகள் எல்லாம் அதற்குள் அடங்கும், விலையும் குறைவு. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது செட்டாப் பாக்ஸ் கொடுக்கும் 13 அல்லது 18 வோல்ட்டை எதிர்பார்ப்பது. ஜிபிஎஸ் ரிசீவரின் 5 வோல்ட்டில் அது ஓடாது. 18 வோல்ட்டை வெளியிலிருந்து கொடுக்கப் போனால் ஆன்டெனாவோ ரிசீவரோ புகைந்துவிடும். கூடவே, வடிகட்டி இல்லாததால் பக்கத்து செல்போன் டவரின் 1800 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துப் பெருக்கி ரிசீவரின் காதை அடைத்துவிடும். வேண்டாம்.

கேபிளை மாற்றுவது

எனக்கு இப்போது இருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளை மாற்ற வழி இருந்தால் கேபிளையும் ஆன்டெனாவையும் சரியாக வாங்குங்கள், ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகவே வேண்டாம். 40 டெசிபெல் ஆன்டெனா, 60 மீட்டர் ஆர்ஜி-6, கனெக்டர்களுக்கு ஒன்றோ ஒன்றரையோ போனால் ரிசீவர் வாசலில் 22 டெசிபெல் நிற்கிறது. கேட்டது 17. எல்எம்ஆர்-400 போட்டால் 28 நிற்கும். இரண்டுமே போதும், 22-க்கும் 28-க்கும் சிக்னல் தரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. ஆன்டெனாவில் இருக்கும் முதல் பெருக்கம் பெரிதாக இருந்தால், பின்னால் சேரும் இரைச்சல் சிறுத்துவிடுகிறது. இடையில் புதிதாகப் பழுதாகக்கூடிய பொருள் எதுவும் இல்லை என்பது இன்னும் பெரிய லாபம்.

ஆர்ஜி-6-ன் மறிப்பு (இம்பீடன்ஸ்) 75 ஓம், ஜிபிஎஸ் கருவிகளுடையது 50 ஓம், பொருந்தாதே என்று கேட்பார்கள். நானும் பயந்தேன். அந்தப் பொருத்தமின்மையால் போவது ஒரு இணைப்பில் 0.2 டெசிபெல்தான். தொலைத்தொடர்பு நிலையங்களிலிருந்து கழித்து விற்கப்பட்டு உலகமெங்கும் ஓடும் ட்ரிம்பிள் தண்டர்போல்ட் கடிகாரக் கருவியின் ஆன்டெனா வாயே 75 ஓம் எஃப் கனெக்டர்தான். அதனால் 75 ஓமைப் பற்றித் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கும் கம்பியைப் பற்றி. டிஷ் கேபிளில் பெரும்பாலும் இரும்புக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. உயர் அலைவரிசை மேல்தோலில்தான் ஓடும் என்பதால் சிக்னலுக்கு அது போதும். ஆனால் ஆன்டெனாவுக்குப் போகும் மின்சாரம் கம்பி முழுவதிலும் ஓட வேண்டும், இரும்பு அதைத் தடுக்கும். 60 மீட்டரில் போக வர 8 ஓம் அளவுக்கு வந்துவிடுகிறது. 60 மில்லியாம்பியர் இழுத்தால் அரை வோல்ட் காணாமல் போகும். 5 வோல்ட் கொடுக்கும் ரிசீவருக்குத் தாங்கும், 3.3 வோல்ட் கொடுப்பதற்குச் சில ஆன்டெனாக்கள் மக்கர் செய்யும். முழுச் செம்புக் கம்பி போட்ட ஆர்ஜி-6-ம் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். காரைக்குடியில் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனேன். கடைக்காரர் 'ஃபுல் காப்பர்' என்று எடுத்துப் போட்ட முதல் கேபிளின் நுனியை அரை அங்குலம் சீவிக் காந்தத்தைக் காட்டினேன். கம்பி டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. அவரே ஆச்சரியப்பட்டார். மூன்றாவது கேபிள்தான் ஒட்டாமல் நின்றது. அதையே வாங்கினேன்.

எல்எம்ஆர்-400 ஏன் எடுக்கவில்லை? விலை பல மடங்கு என்பது ஒரு காரணம். 10 மில்லிமீட்டர் தடிமன், விறைப்பு, ஓட்டுச் சரிவின் ஓரங்களில் வளைத்துக் கொண்டுபோவது கஷ்டம் என்பது இன்னொன்று. 100 மீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தாலோ, ஆன்டெனாவை மாற்ற முடியாமல் 28 டெசிபெலிலேயே நிற்க வேண்டியிருந்தாலோ நான் அதைத்தான் எடுப்பேன். 28-ல் 11 கழித்தால் 17, கச்சிதமாகப் பொருந்தும்.

ரிசீவரையே மாடிக்குக் கொண்டுபோனால்?

உண்மையில் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. ஆன்டெனாவுக்கு நேர் கீழே முகப்பு மாடியில் ஓர் அறை இருக்கிறது. அங்கே ரிசீவரை வைத்தால் ஆன்டெனா கேபிள் 8 மீட்டர்தான். அங்கிருந்து மூன்றாம் கட்டுக்கு டேட்டா மட்டும் நெட்வொர்க் கேபிளில் வரும். ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும், டேட்டாவுக்கு டெசிபெல் இழப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த அறையின் சாவி சென்னையில் இருக்கும் ஒரு பங்காளியிடம். வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) நேரத்தில். கேட்டால் கொடுத்திருப்பார்கள், ஆனால் கருவி தகராறு செய்யும்போதெல்லாம் சாவிக்குப் போன் போட முடியாது.

மொட்டை மாடியிலேயே பெட்டிக்குள் வைக்கலாம் என்றால் சித்திரை வெயில் இருக்கிறது. ரிசீவர் போர்டு 85 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருந்தாலும், கூட இருக்கும் சின்னக் கணினியும் பேட்டரியும் அவ்வளவு தாங்காது. கூடவே நெட்வொர்க் கேபிளும் செம்புதானே, மாடியிலிருந்து மின்னலை வீட்டுக்குள் அழைத்து வரும். ஊரில் இணைய இணைப்பு கொடுக்கிற தம்பிகளிடம் ஃபைபர் ஒயர் தாராளமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் போட்டால் அந்தப் பயமும் தீரும். மாடியில் மின்சாரத்துக்கு மட்டும் வழி பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் மாடியறை உங்கள் கையில் இருந்தால், இந்தக் கட்டுரையின் மிச்சத்தை விட்டுவிட்டு இதையே செய்யுங்கள்.

ஜிபிஎஸ் சிக்னலையே ஒளியாக மாற்றி ஃபைபரில் அனுப்பும் கருவிகளும் உண்டு. கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டிய பெரிய வளாகங்களுக்கானவை அவை. 60 மீட்டருக்கு அந்தச் செலவு நியாயமில்லை.

இரண்டு சந்தேகங்கள்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரும் கேள்வி: கேபிள் 60 மீட்டர் நீண்டால் இடம் தப்பாகக் காட்டாதா? காட்டாது. எல்லாச் செயற்கைக்கோளின் சிக்னலும் அதே கேபிளில், அதே தாமதத்தோடுதான் வருகிறது. அந்தப் பொதுத் தாமதத்தை ரிசீவர் தன் கடிகாரப் பிழையோடு சேர்த்துக் கழித்துவிடும். கிடைக்கும் ஆயத்தொலைவு ஆன்டெனா நிற்கும் புள்ளிக்கானது, ரிசீவர் எந்தக் கட்டில் இருந்தாலும் சரி. நேரத்துக்காகப் பயன்படுத்துகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஆர்ஜி-6-ல் 60 மீட்டருக்கு ஏறக்குறைய 240 நானோ நொடி தாமதம், ஆர்ஜி-58-ல் 300. அந்த எண்ணை ரிசீவர் அமைப்பில் கொடுத்துவிட வேண்டும். நடுவில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் வடிகட்டியும் தன் பங்குக்குச் சில நானோ நொடிகள் சேர்க்கும்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்கும் நேரம். கேபிள் மாற்றுமுன் காலையில் ஓர் அளவு, மாற்றியபின் மாலையில் ஓர் அளவு எடுத்து ஒப்பிடாதீர்கள். வானத்தில் செயற்கைக்கோள்களின் அமைப்பு ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாகத் திரும்ப வரும். இன்று காலை 10:00 மணிக்கு எடுத்தால் நாளை 9:56-க்கு எடுங்கள், அதே கோள் அதே இடத்தில் இருக்கும். மாலை அளவை அறவே தவிருங்கள். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது, நாம் அதற்கு வெகு அருகில் இருக்கிறோம். சூரியன் மறைந்த பிறகு, முக்கியமாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், மேல்வளிமண்டலத்தின் அயனிப் படலம் கலங்கி சிக்னல் மினுங்கும். 42-ல் நின்றது திடீரென்று 30-க்கு இறங்கி ஏறும். நான் ஒரு மாலை முழுவதும் கனெக்டர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் கனெக்டரில் இல்லை, வானத்தில் இருந்தது.

கடைசியில் கேபிள் போன வழி

முகப்பு மாடியின் கைப்பிடிச் சுவரில், ஏற்கெனவே இருந்த கொடிக்கம்ப வளையத்தில் ஒரு குழாயைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி அதன் மேல் ஆன்டெனா. கேபிள் அங்கிருந்து மழைநீர்க் குழாயோடு சேர்ந்து இறங்கி, வளவின் ஓட்டுச் சரிவுக்கு அடியில் தேக்கு உத்திரத்தின் மேல்பக்கமாகப் போகிறது. கீழே நின்று பார்த்தால் கண்ணில் படாது. உத்திரத்தில் ஆணி இல்லை, பருத்திக் கயிற்றால்தான் கட்டினேன். அந்தப் பகுதியில் அணில் அதிகம், கேபிள் உறையைக் கொறிக்கும் என்று ஆச்சிதான் எச்சரித்தார்கள். வளையும் பிவிசி குழாய்க்குள் விட்டேன். மூன்றாம் கட்டுக்குள் நுழைவது சாளரக் கம்பி வழியாக. மொத்தத்தில் சுவரில் ஓட்டை ஒன்றுகூட இல்லை.

வெளியே இருக்கும் இணைப்பு இரண்டுதான். ஒவ்வொன்றிலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண கறுப்பு டேப். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் இடத்தில் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே தூக்கியிருக்கிறேன், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். இதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபயர் மாடியில் இருந்த நாட்களில் ஐப்பசி மழை ஒரே இரவில் அதன் கனெக்டருக்குள் இறங்கிவிட்டது. நாலு நாள் கழித்துக் கழற்றியபோது நடு ஊசியில் பச்சை பூத்திருந்தது. மின்சாரம் ஓடுகிற இணைப்பில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு வேகம் எடுக்கும். அரிப்பைப் பற்றியும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற காரைக்குடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் என்றால் கூடுதலாக இரண்டு இணைப்பு, தண்ணீர் புக இரண்டு வாசல்.

மின்னலுக்கு, சாளரத்துக்கு வெளியே, ஆன்டெனாவுக்கான மின்சாரத்தைப் போகவிட்டு மின்னலை மட்டும் நிலத்துக்குத் திருப்பும் வாயுக் குழல் அரெஸ்டர் ஒன்று, பின்வாசல் பக்கம் புதைத்த தனி எர்த் கம்பியோடு. அரெஸ்டர் வாங்கும்போது ஆன்டெனாவுக்குப் போகும் வோல்ட்டை அது தடுக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிலது தடுத்துவிடும்.

இப்போது மூன்றாம் கட்டில் காலை 10 மணிக்கு எல்1-ல் உச்சிக்கோள்கள் 45, 46 காட்டுகின்றன, எல்2-ல் 42-க்குக் குறையவில்லை. மாடியில் ஐந்து மீட்டர் ஒயரில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் 1 டெசிபெல்கூட வித்தியாசம் இல்லை.

ஆம்ப்ளிஃபயர் வேண்டவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. தேவகோட்டையில் ஒரு நண்பரின் அரிசி ஆலை. அலுவலகத்திலிருந்து குடோன் கூரை வரை 110 மீட்டர், ஆர்ஜி-6 ஏற்கெனவே மண்ணுக்கடியில் குழாயில் போட்டுக் காங்கிரீட்டும் கொட்டியாகிவிட்டது. அந்தக் கேபிள் 29 டெசிபெல் தின்னும், கனெக்டருக்கு 1. 40 டெசிபெல் ஆன்டெனா வைத்தாலும் 10-தான் மிஞ்சுகிறது. தோண்டி எல்எம்ஆர்-400 போட்டால் 20 மிஞ்சும், ஆனால் தோண்ட முடியாது. அங்கே ஆம்ப்ளிஃபயர்தான் சரியான பதில். எல்1, எல்2, எல்5 மூன்றையும் விடுவது, 20 டெசிபெல், 5 வோல்ட்டில் ஓடுவது என்று பார்த்துச் சொல்லியிருக்கிறேன். 50-வது மீட்டரில் குழாய் ஒரு தூணடியில் வெளியே வந்து மறுபடி இறங்குகிறது, மேலே தகரக் கூரை. அதுவரை கேபிள் 13 டெசிபெல்தான் தின்றிருக்கும், 26-க்கு மேல் கையில் இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு அந்த இடத்தைத்தான் குறித்துவைத்திருக்கிறோம்.